திம்பத்தின் குறுக்கே

கொங்கு நாடு மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை, வடக்கே கடம்பூரும் திம்பமும் தாளவாடியும். சென்னிமலையின் 1320 படிகளை ஏறி முருகன் கோயில் முன்னால் நின்று, மழை விட்ட மறுநாள் காலையில் வடமேற்கே பார்த்தால் அடிவானத்தில் நீலமாக ஒரு நீண்ட மேடு தெரியும். எங்கள் பாட்டி அதைக் கைகாட்டி, “அதுக்கு அந்தப்பக்கம் மைசூர்ச் சீமை” என்பார். அவர் அங்கே போனதில்லை. உப்பும் புகையிலையும் ஏற்றிய மாட்டுவண்டிகள் அந்தப் பக்கம் போய் ராகியோடு திரும்பியதை அவருடைய அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். மலை அவருக்கு ஒரு சுவர். அந்தச் சுவரில் எங்கோ ஒரு வாசல் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அந்த வாசல்களால்தான் கொங்கின் சரித்திரம் உண்டானது. மேற்கு வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியாகக் கடற்கரையிலிருந்து வந்த வணிகப் பெருவழி, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைத் தொட்டுக்கொண்டு கரூருக்குப் போனது. கொடுமணல் சென்னிமலையிலிருந்து அதிகத் தூரமில்லை. அங்கே தோண்டத் தோண்டக் கல்மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளும், எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. வடக்கு வாசல் வேறு மாதிரி. அங்கே வணிகத்தைவிடப் படைகளின் நினைவுதான் அதிகம். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கஜ்ஜலட்டிக் கணவாய் வழியாக ஹைதரின் குதிரைகள் இறங்கின. 1790 செப்டம்பரில் திப்பு அதே வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயர்களை எதிர்கொண்டார். கணவாய்க்குக் காவலாக இருந்த டணாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லச் சொன்ன தீர்த்தகிரியின் கதையை இங்கே தெரியாத பிள்ளை கிடையாது. அந்தப் பணமும் வடக்கு மலை ஏறித்தான் போயிருக்க வேண்டும்.

இப்படித்தான் நாம் கணவாயைப் படித்து வந்திருக்கிறோம். படை, வரி, சரக்கு, இப்போது லாரி. எல்லாமே தெற்கிலிருந்து வடக்கே ஏறுவதும் வடக்கிலிருந்து தெற்கே இறங்குவதுமான கதை. இன்று லாரிகள் ஏறும் திம்பத்துக்குப் போய்வரப் போய்வர இந்தக் கதை பாதிதான் என்று எனக்குப் பட ஆரம்பித்தது. அங்கே இன்னொரு பாதை இருக்கிறது. அது கிழக்கு மேற்காகப் போகிறது. நம்முடையதைவிடப் பழையது. அதற்குத் தார் போடவில்லை, எண் கொடுக்கவில்லை. அதில் நடப்பவை யானைகள். தறி தெரிந்த ஊர்க்காரனாகச் சொல்வதென்றால் நம் சாலை பாவு, அவற்றின் வழி ஊடை. பாவை மட்டும் பார்த்துவிட்டுத் துணி தெரிந்தது என்று இத்தனை நாள் இருந்துவிட்டோம்.

நிலப்படத்தைப் பார்த்தாலே இது விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் சத்தியமங்கலம் காடு. மேற்கே முதுமலை, பந்திப்பூர் தேசியப் பூங்காக்கள். வடக்கே பிலிகிரி ரங்கன் மலை. வடகிழக்கே மாதேஸ்வரன் மலையும் அதற்கப்பால் காவிரிக் கரைக் காடுகளும். ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இதுதான். கோடையில் மாயாற்றுக்கும் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் கரைக்கும் கூட்டம் கூட்டமாக இறங்குவதும், மழை பிடித்ததும் மேட்டுக்குப் புல் தேடி ஏறுவதும் அவற்றின் ஆண்டுச் சுற்று. கோவையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 948 இந்தச் சுற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. 209 என்ற பழைய எண்ணைத்தான் ஓட்டுநர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள்.

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. அதன் பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போவதுதான் இந்த மலையைப் பார்க்க நல்ல வழி என்பேன். சொந்தக் காரில் போகிறவருக்கு வளைவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அடிவாரத்தில் முள்ளும் உசிலும் வேலமும். வெயில் காலத்தில் காடு முழுக்கச் சாம்பல் நிறம், இலையே இருக்காது. ஏற ஏற வெக்காளி, கடுக்காய், நெல்லி. பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியதும் காற்றில் சூடு குறைவதைக் கன்னத்தில் உணரலாம். பண்ணாரியில் சட்டை முதுகில் ஒட்டும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் இருக்கும் திம்பத்தில் டீக்கடைக்காரர் குல்லாய் போட்டிருப்பார். வளைவுகளில் முதல் கியரில் முக்கி ஏறும் லாரிகளின் கிளட்ச் தீய்ந்த வாடை எப்போதும் இருக்கும். தடுப்புச் சுவரில் சாம்பல் மந்திகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை முன்னால் போன வண்டி பழுதாகி, பேருந்து ஒரு வளைவில் வெகுநேரம் நின்றது. நடத்துனர், “ரொம்பத் தூரம் போகாதீங்” என்று சொல்லி எல்லோரையும் இறங்கவிட்டார். சாலையோரத்தில் யானை லத்தி கிடந்தது. நேற்றைய ராத்திரியுடையதாக இருக்கலாம். மேல்தோல் காய்ந்து வெளுத்திருந்தது, குச்சியால் பிளந்தால் உள்ளே ஈரம். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால் அது என்ன தின்றது என்று அப்படியே படிக்கலாம். நார் நாராக மூங்கில், மரப்பட்டைச் சிம்புகள், புல், இரண்டு மூன்று விதமான கொட்டைகள். ஒரு கொட்டையில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. சாணி வண்டுகள் அடியிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தன. மேலே சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் உப்புக்காக மொய்த்தன. அந்த ஒரு லத்தியில் அவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தது. லத்திகள் சாலையின் இந்தப் பக்கம் தொடங்கி, தாருக்கு நடுவில் டயரில் நசுங்கி, அந்தப் பக்கச் சரிவில் தொடர்ந்தன. அந்த வரிசையை நான் கண்ணால் பின்தொடர்ந்தேன். சரிவில் ஒரு தடம் இறங்கியது. இருபுறமும் உண்ணிச்செடி அடர்ந்திருக்க, தடம் மட்டும் மண் தெரியத் தேய்ந்து சுத்தமாக இருந்தது. எத்தனையோ தலைமுறையாக நடந்து நடந்து தேய்ந்தது. நாம் 27 வளைவு போட்டு ஏறுகிற இடத்தை அவை மிகச் சரியான சாய்வு பார்த்துக் குறுக்கே கடக்கின்றன.

2022 பிப்ரவரி 10 முதல் இந்தச் சாலை இரவில் அடைக்கப்படுகிறது. கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, மற்ற வண்டிகளுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. மருத்துவ அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஈரோடு ஆட்சியர் இதற்கான ஆணையை 2019 ஜனவரியிலேயே பிறப்பித்திருந்தார். அது காகிதத்தில் கிடந்தது. வண்டிகளில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் பந்திப்பூரில் 2009 முதலே இரவில் சாலை அடைப்பு உண்டு.

பண்ணாரியில் விடியற்காலையில் நிற்கும் லாரி வரிசையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சோறாக்கியிருப்பார்கள், சிலர் வண்டிக்கடியில் கட்டிய தொட்டிலில் தூங்குவார்கள். ராசிபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், முகம் கழுவிக்கொண்டிருந்தார். “ராத்திரி நிக்கறது கஷ்டமா இருக்குங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“கஷ்டந்தானுங். ஒரு நடைக்கு ஒரு நாள் சேந்துபோகுது. ஓனருக்குப் பதில் சொல்லோணும்” என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ஆனா தம்பி, ராத்திரி மேல ஏறி வளைவு திரும்புனா எதிர்ல யானை நிக்கும். ஆரன் அடிக்கக் கூடாது. லைட்ட அணைச்சுப்போட்டு உக்காந்திருப்பம். தனி ஆனையா இருந்தா அதுபாட்டுக்குப் போயிரும். குட்டியோட இருந்துச்சுன்னா போகாது. ரிவர்ஸ் எடுக்கலாம்னா பின்னால பத்து வண்டி நிக்கும். அப்படி உக்காந்த ராத்திரியெல்லாம் நெனச்சா, இங்க உக்காந்து சோறு பொங்கித் திங்கறது எவ்வளவோ மேலுங்” என்றார்.

தாளவாடிக்காரர்களின் வருத்தம் இதைவிடக் கனமானது. அவர்கள் மலைக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டி இருப்பவர்கள். வீட்டில் கன்னடமும் சந்தையில் தமிழும் பேசுகிறவர்கள். தக்காளியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைவித்துக் கீழே அனுப்புகிறவர்கள். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அவர்கள் நேராக இறங்க இந்த வழி ஒன்றுதான். சாலையை அடைத்தபோது கடைகளை அடைத்துப் போராடினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வனம் காக்கும் ஒவ்வொரு ஆணையின் முதல் செலவையும் வனத்துக்குள் இருப்பவன்தான் கட்டுகிறான். கோவையிலிருந்து வார இறுதியில் ஏறுகிறவன் கட்டுவதில்லை. கூடுதல் எடை ஏற்றி மைசூருக்கும் பெங்களூருக்கும் பறக்கும் பெரிய லாரிகளுக்குச் சேலம் வழி இருக்கிறது, தூரம்தான் அதிகம். தாளவாடிக்கு வேறு நேர்வழி இல்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்துப் பார்த்தால் பாதி மனக்கசப்பு தீரும் என்று நினைக்கிறேன். அடைப்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த மலையின் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது சோளகரையும் ஊராளிகளையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. கொங்கு வீடுகளில் காலையில் வாசல் கூட்டும் சீமார், திம்பம் மலைச் சரிவுகளில் அவர்கள் அறுத்துக் கட்டி இறக்கியது. வீரப்பன் தேடுதல் வேட்டையின் ஆண்டுகளில் இதே காட்டில் அவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டார்கள். 2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமார் தாளவாடிக்குப் பக்கத்துத் தொட்டகாஜனூரிலிருந்து கடத்தப்பட்டது நாடு முழுக்கத் தெரியும். அதிரடிப்படை முகாம்களில் பழங்குடிகளுக்கு நடந்தது அந்த அளவுக்குத் தெரியவில்லை. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வந்த பிறகுதான் பலருடைய காதுக்கு எட்டியது. 2008இல் சரணாலயம், 2013இல் 1400 சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான புலிகள் காப்பகம், 2022இல் புலி எண்ணிக்கையைப் பெருக்கியதற்காகப் பன்னாட்டு விருது என்று சத்தியமங்கலம் காடு அடுத்தடுத்துப் பேர் எடுத்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த காட்டில் புலி பெருகியிருக்கிறது, மகிழ்ச்சி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் காட்டை விட்டு ஓடாமல் இருந்தவர்களுக்கு மேய்ச்சலுக்கும் தேனுக்கும் சீமாருக்கும் உள்ள உரிமையும் அதே அக்கறையோடு எழுதித் தரப்பட வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

திம்பத்தைத் தாண்டினால் ஆசனூர், அதற்கப்பால் மாநில எல்லையில் காரப்பள்ளம். இங்கே ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். மேலிருந்து கீழே ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் லாரியின் சத்தத்தை யானைகள் அடையாளம் கண்டுகொள்கின்றன. குட்டியோடு வந்து சாலையில் நிற்கின்றன. லாரி நின்றதும் துதிக்கையை நீட்டிக் கரும்பை உருவுகின்றன. இதைப் படமெடுத்துப் பரப்பிச் சிரிக்கிறோம். எனக்கு அதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. பரம்பரைத் தடத்தில் மூங்கிலும் பட்டையும் புல்லும் என்று நாள் முழுக்க நடந்து தின்ன வேண்டிய உயிர், நின்ற இடத்தில் சர்க்கரை கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. தாய் நிற்பதைப் பார்த்துக் குட்டியும் கற்கிறது. இரக்கப்பட்டு ஓட்டுநர் வீசும் ஒரு கட்டுக் கரும்பு, அந்தக் குட்டியை வாழ்நாள் முழுக்கச் சாலையோரத்தில் கட்டிப்போடுகிறது. கரும்பை எடை மீறி, கூண்டுக்கு மேலே நீட்டி ஏற்றாமல் மூடிக்கொண்டு வந்தாலே இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

மந்திக்கு முறுக்கு போடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். வளைவில் காரை நிறுத்தி, குழந்தையின் கையில் பொட்டலத்தைக் கொடுத்து, குரங்கின் பக்கம் நீட்டச் சொல்லிப் படமெடுக்கிறார்கள். குழந்தைக்குக் காட்டைக் காட்டுவதாக அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். நாம் காட்டுக்குப் போவதே ‘பார்க்க’ என்றாகிவிட்டது. பந்திப்பூரில் வனத்துறை வண்டியில் போயிருக்கிறேன். புள்ளிமான் கூட்டம் நூறு நின்றாலும், காட்டெருமை வழி மறித்து நின்றாலும் பின் இருக்கையிலிருந்து ஒரே கேள்விதான்: “புலி எங்கேங்க?” புலி வராத நாளை வீணான நாளாக எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். பேருந்தில் திம்பம் ஏறுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் எதையும் பார்க்கச் சீட்டு வாங்கவில்லை, கடந்துபோகத்தான் வாங்கியிருக்கிறான். நம் பாதையில் யானை வந்தது என்று சொல்வதை விட்டு, யானையின் பாதையில் நாம் வந்து நிற்கிறோம் என்று உடம்புக்கே உறைக்கும் இடம் அது. அதற்காகவே நம் ஊர்ப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பேன். இறக்கிவிட வேண்டியதில்லை, சன்னலோரம் உட்காரவைத்தால் போதும்.

திம்பத்தின் முகட்டில் மழை பெய்யும்போது தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே சரியும் நீர் சுவர்ணாவதிக்குப் போய், கொள்ளேகால் பக்கம் காவிரியில் விழுந்து, ஒகேனக்கல்லும் மேட்டூரும் சுற்றி வருகிறது. தெற்கே சரிவது பவானிசாகருக்கு இறங்குகிறது. முகட்டில் ஒரு முழ இடைவெளியில் பிரிந்த இரண்டு துளிகள் பவானி கூடுதுறையில் மறுபடி சேரலாம். தெற்கே இறங்கியதில் ஒரு பங்குக்கு இன்னொரு வழியும் உண்டு. 1955இல் கட்டி முடித்த அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. கோபி, பெருந்துறை தாண்டி எங்கள் சென்னிமலைப் பக்கம் வந்து, காங்கேயம் சீமைக்கு நெல்லும் மஞ்சளும் எள்ளும் கொடுத்துவிட்டுப் போகிறது. அதன் கசிவில்தான் வெள்ளோட்டு ஏரி நிறைகிறது. சென்னிமலையிலிருந்து பக்கம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வரும் அந்த ஏரி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. பாட்டி சுவர் என்று நினைத்த மலை எங்கள் கொல்லை வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நாமும் அங்கே போய்ச் சேர்கிறோம், மலை ஏறாமலே. இதை எனக்குப் புரியவைத்தவை பாறுக் கழுகுகள். திம்பத்தின் விளிம்பில் நின்று மாயாற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், சிறகை அசைக்காமல் இரண்டு பெரிய பறவைகள் என் கண்மட்டத்துக்குக் கீழே மிதந்து போயின. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது சமவெளிக்காரனுக்கு வாய்க்காத ஒன்று. இறக்கை விளிம்பு கறுப்பு, இடுப்புக்கு மேல் திட்டாக வெள்ளை. வெண்முதுகுப் பாறு. மாயாற்றங்கரையின் நீர்மருத மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய புகலிடம் இந்தப் பள்ளத்தாக்குதான். ஒரு காலத்தில் கொங்கின் ஒவ்வொரு சந்தைப்பேட்டைக்கும் வந்த பறவை இது. 1990களில் தொடங்கி இந்தியா முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாதது. ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இரை தேடிப் பறக்கும் பறவைக்கு மாயாறு எது, காங்கேயம் எது?

போன கோடையில் பெரியப்பா மகனின் காங்கேயம் பசு கால் வீங்கிப் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாமாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பதிலா வேற ஒண்ணு இருக்குதுங், சீக்கிரம் கேக்கும்” என்றார். வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பாறுகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “எங்கப்பாரு சொல்லுவாருங், தோலுரிக்கிற எடத்துல இத்தாப்பெரிய கழுகு வந்து உக்காந்திருக்கும்னு. அது இன்னும் இருக்குதுங்களா?” என்றார்.

“இருக்குதுங். திம்பத்துல.”

உள்ளே போய்ப் பெட்டிகளைத் தள்ளித் தேடி, மெலாக்சிகாம் இரண்டு குப்பி எடுத்துவந்தார். இதைக் கேட்டு யாரும் வருவதில்லை என்பதால் கொஞ்சமாகத்தான் வாங்கி வைப்பதாகவும், அடுத்த முறை கோயமுத்தூரில் சரக்கு எடுக்கும்போது கூடுதலாக எடுத்துவருவதாகவும் சொன்னார்.